ஓரடி ஏறினால் காடு, ஓரடி இறங்கினால் உப்பு

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணியைக் கடந்ததும் சுற்றுலா வண்டிகள் சட்டென்று குறைந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேதாரண்யம் கோயிலுக்கு வருகிறவர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு பேருந்தேறி ஊர் திரும்புகிறவர்கள். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் காட்டையும் சதுப்பையும் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் மிகக் குறைவு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே மலை இல்லை, அருவி இல்லை, கடலை எட்டிப் பார்க்கும் பாறை முனை இல்லை. இயற்கை அழகு என்றாலே அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்களுக்கு, கோடியக்கரை முதல் முத்துப்பேட்டை வழியாக மல்லிப்பட்டினம் வரை நீளும் இந்தக் கரை வெறும் தட்டை நிலமாகத்தான் தெரியும்.

நான் இந்தக் கரையை மீண்டும் மீண்டும் தேடிப் போவதற்குக் காரணமே அந்தத் தட்டைத்தன்மைதான். தமிழ்நாட்டில் நான் பார்த்த வேறெந்த நிலத்திலும் உயரம் இவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை. நீலகிரியில் நூறடி ஏறினாலும் இறங்கினாலும் சுற்றியிருக்கும் காடு பெரிதாக மாறிவிடுவதில்லை. கோடியக்கரையில் தரை இரண்டடி உயர்ந்தால் பாலை மரக்காடு, அரையடி தாழ்ந்தால் புல்வெளி, இன்னும் ஒரு சாண் தாழ்ந்தால் உமரி முளைத்த உப்புத்தரை, அதற்கும் கீழே பூநாரை நிற்கும் தண்ணீர். பத்து நிமிட நடையில் இவை அனைத்தையும் கடந்துவிடலாம். இந்தக் கணக்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டால், அதன்பின் எந்த இடத்திலும் தரையைப் பார்க்காமல் நடக்க முடிவதில்லை.

நிலம் இப்படி அமைந்ததற்குக் காரணம் காவிரியும் கடலும். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து ஏறத்தாழ நேர்கோடாக இறங்கி வந்து, கோடியக்கரையில் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலையும் கரையோர நீரோட்டம் இழுத்து வந்த மணலையும் அலைகள் கரையில் ஒதுக்கின; ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கடல் படிப்படியாகப் பின்வாங்க, ஒவ்வொரு காலத்துக் கரையும் ஒரு மணல்மேடாக உள்ளே நின்றுவிட்டது. வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள ஊர்களும் தோப்புகளும் இந்தப் பழைய கரைகளின் முதுகில்தான் இருக்கின்றன. மேடுகளுக்கு இடையே பள்ளங்கள்; மேற்கே, பாக் நீரிணையை ஒட்டி, வெயில் காலத்தில் வெள்ளையாகவும் மழைக்காலத்தில் சாம்பல் நிறமாகவும் கிடக்கும் பெரும் உப்புச் சதுப்பு.

காட்டுக்குப் போவதற்கு முன் வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு முல்லைத் தோட்டத்தின் அருகில் வண்டியை நிறுத்தச் சொல்வேன். மணல்மேட்டில் விழும் மழை நேராகக் கீழே இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரோடு கலந்துவிடாமல், அதன்மேல் மிதந்து நிற்கிறது; நல்ல நீர் இலேசானது, உப்புநீர் கனமானது என்பதைத் தவிர இதில் வேறு சூட்சுமம் ஒன்றுமில்லை. ஆகவே இங்குள்ளவர்கள் ஆழ்துளை போடுவதைவிட அகலமாகவும் ஆழமில்லாமலும் குட்டை வெட்டுவதையே விரும்புகிறார்கள். முல்லைக்கும் புகையிலைக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். "இதுக்கு மேல வெட்டினா கடல்தாங்க வரும்" என்று ஒரு பெரியவர் தன் குட்டையின் விளிம்பில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார். குட்டையில் அவருடைய இடுப்பளவுகூடத் தண்ணீர் இல்லை. அதன் ஓரத்தில் முல்லை தழைத்துக் கிடந்தது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் சாலை முதலில் அகத்தியம்பள்ளியைத் தொடுகிறது. ஒரு காலத்தில் இரயில் கோடியக்கரை வரை சென்றது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய இரயில் அகத்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட இராஜாஜியும் தொண்டர்களும் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்து, இரண்டு நாள் கழித்து உப்பெடுத்தது இங்கேதான். நினைவுத்தூண் சாலையிலிருந்து பார்வைக்குப் படும். வண்டியில் போகிறவர்கள் தூணைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தூணைச் சுற்றியிருக்கும் அளங்களில் இன்றும் உப்பு வாருகிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிறகு அந்த அளங்களுக்கு வருகிறேன்.

கோடியக்காட்டை அடைந்ததும் சாலையின் இருபுறமும் காடு நெருங்குகிறது. அதைக் காடு என்று ஏற்றுக்கொள்ளச் சிலருக்குத் தயக்கம் இருக்கும், ஏனென்றால் மரங்கள் உயரமில்லை. பனையைத் தவிர, கடற்காற்றை மீறித் தலை நீட்டும் மரம் இங்கே அபூர்வம். எல்லா உச்சிகளும் ஒரே மட்டத்தில், கடல் பக்கம் தாழ்ந்தும் உள்பக்கம் சற்றே உயர்ந்தும், காற்றே சீவிவிட்டது போல நிற்கின்றன. தாவரவியலார் இதை உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்த இந்த வகைக் காடு இன்று பெரும்பாலான இடங்களில் கோயில் காடுகளாகவும் துண்டு துண்டாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பெரிய பரப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்குத்தான் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதங்களில் கொட்டிவிட்டுப் போனபின், மீதிக் காலம் முழுவதும் வறட்சியிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் மரங்கள் இவை.

அவற்றில் அரசன் உலக்கைப் பாலை. கறுத்து, ஆழமாக வெடித்த பட்டை. தடித்து, நுனியில் சற்றே உள்வாங்கிய சிறிய இலைகள். கிளைகள் நேராகப் போவதே இல்லை. இதன் மரம் எவ்வளவு அடர்த்தியானது என்றால் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கிவிடும். கோடை முற்றும்போது சிறு விரல்நுனி அளவில் மஞ்சள் பழங்கள் பழுக்கும். வாயில் போட்டால் முதலில் தித்திப்பு, பிறகு உதட்டில் ஒட்டிக்கொள்ளும் பால். நாலைந்து பழத்துக்கு மேல் போனால் உதடுகளைப் பிரிப்பதற்கே முயற்சி தேவைப்படும். பருவத்தில் வேதாரண்யம் கடைத்தெருவில் படி கணக்கில் விற்பார்கள். காட்டுக்குள் அதைத் தின்னக் குரங்கும் பறவையும் நரியும் போட்டி போடும். அடுத்த பாலைக் கன்று எங்கே முளைக்கும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. நாவலும் உகாவும் களாவும் காரையும் சூரையும் பாலையின் காலடியில் பின்னிக் கிடப்பதால், பாதையை விட்டு இரண்டு எட்டு வைத்தால் சட்டையைக் காட்டிடமிருந்து மீட்டுக்கொண்டுதான் திரும்ப முடியும்.

இந்தக் காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பவர்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கும். வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இங்கே இறங்கி இளைப்பாறும். முதுகில் பச்சை, வயிற்றடியில் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை என்று அத்தனை நிறங்களையும் வைத்துக்கொண்டு, சருகுகளுக்கிடையே தலைகுனிந்து புழு தேடும் அந்தக் குருவியைக் கண்ணால் பிடிப்பது எளிதல்ல. காது கொடுத்தால் முதலில் சருகு புரளும் ஓசைதான் வரும்.

பாலைக் காடு முடியும் இடத்தில் தரை சற்றே தாழ்கிறது. தாழ்வது கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். அங்கே புல்வெளி தொடங்குகிறது. மழைக்காலத்தில் அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்குவதால் மரங்கள் வேர்கொள்ள முடிவதில்லை. திறந்த வெளியிலேயே வாழக்கூடிய வெளிமானுக்கு இந்தத் தாழ்வுதான் வீடு. 1967-இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணமே வெளிமான். முறுக்கிய கொம்போடு, முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஆண்மான் ஒன்று மந்தையிலிருந்து விலகித் தனியாகத் தன் எல்லையில் நிற்பதை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். அது ஓடும்போது இடையிடையே நான்கு கால்களையும் சேர்த்து மேலே எழும்பும். துரத்துவதற்குச் சிறுத்தையோ புலியோ இல்லாத காட்டில் எதற்கு இந்தத் துள்ளல் என்று எனக்கு எப்போதும் தோன்றும். குட்டிகளைக் கவ்வ நரி மட்டும் உண்டு.

புல்வெளியில் மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. ஒரு காலத்தில் மனிதரிடமிருந்து விலகிக் காட்டில் பெருகியவை அவை. பார்க்கிறவர்களுக்கு மானைவிடக் குதிரைதான் அதிகம் பிடிக்கிறது. படத்தில் நன்றாக விழும். ஆனால் அதே புல், அதே குட்டை. குதிரைகள் பெருகினால் மானுக்கு மேய்ச்சல் குறையும். இதைவிடப் பெரிய சிக்கல் சீமைக்கருவேல். மணல்மேடு, புல்வெளி, உப்புத்தரை என்ற எல்லா உயர வேறுபாடுகளையும் மதிக்காமல் எங்கும் முளைக்கும் ஒரே மரம் அதுதான். அதன் காய்களைத் தின்று விதைகளைப் பரப்புவதில் குதிரைக்கும் மானுக்கும் பங்கு உண்டு என்பது இன்னொரு வேதனை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது முதிர்ந்த மரங்கள் பல வேரோடு சாய்ந்தன, விலங்குகளும் மடிந்தன. திறந்துவிட்ட இடங்களில் முந்திக்கொண்டது சீமைக்கருவேல். வனத்துறை வெட்டுகிறது, அது மீண்டும் தழைக்கிறது. இன்று கோடியக்கரைக்குப் போகிறவர் பார்ப்பது ஒரு பழைய காட்டின் அமைதியை அல்ல, முடிவு தெரியாத இழுபறியைத்தான்.

இந்தப் பகுதியிலேயே உயரமான இடம் இராமர் பாதம். உயரம் ஏறத்தாழ நான்கு மீட்டர். ஆம், நான்குதான். மேட்டின் மேல் ஒரு சிறிய மண்டபம், அதில் கல்லில் பொறித்த பாதங்கள். இலங்கையை நோக்கி இராமர் நின்ற இடம் என்பது ஊர் நம்பிக்கை. நான்கு மீட்டர் மேட்டில் என்ன பெரிய காட்சி கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏறிப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள அனைத்தும் தாழ்ந்து கிடப்பதால், பாலை மரங்களின் சீவிய உச்சிகளுக்கு மேலாக நான்கு திசையும் விரிகின்றன. தெற்கே ஒரு கோடாகக் கடல், மேற்கே சதுப்பின் மினுக்கம், கீழே புல்வெளியில் புள்ளிகளாக மான்கள். இதை மாலை வெயிலில் பார்ப்பது நல்லது; நண்பகலில் சதுப்பிலிருந்து எழும் கானல் எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

கோடியக்காட்டிலுள்ள குழகர் கோயிலில் அதிக நேரம் செலவாகாது. ஆனால் அங்கே நிற்கும்போது சுந்தரரை நினைக்காமல் இருக்க முடியாது. கடற்காற்று வந்து மோதும் கரையில், காட்டுக்குள், துணைக்கு யாருமின்றி இப்படித் தனியே இருக்கிறீரே என்று இறைவனைப் பார்த்துக் கவலைப்பட்டுப் பாடியவர் அவர். பக்தி இருக்கட்டும், ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்திலும் இது காடாகவும் கரையாகவும் ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகவுமே இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

கடற்கரைக்கு வந்தால் மீனவர் குடியிருப்பும் புதிய கலங்கரை விளக்கமும் கண்ணில் படும். மழைக்காலம் தொடங்கி மாசி, பங்குனி வரை மற்ற ஊர் மீனவர்களும் இங்கே வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வதால் அப்போது கரை ஒரு சந்தையாகிவிடும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் செங்கல் இடிபாடு கடலோரம் நின்றிருந்தது. 2004 ஆழிப்பேரலை அதைக் கொண்டுபோய்விட்டது. கிழக்குக் கரையின் அலையும் தெற்குக் கரையின் அமைதியும் ஒரே நடையில் மாறுவதை முனையில் உணரலாம். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. ஆமையும் உயரக் கணக்குப் பார்க்கும் பிராணிதான். கடல் ஏறி இறங்கும் ஓத நீர் எட்டும் கோட்டுக்கு மேலே ஏறி வந்து, ஈரம் காயாத, ஆனால் தண்ணீர் புகாத மணலில்தான் குழி பறிக்கிறது.

இனி சதுப்பு. என்னைப் பொறுத்தவரை கோடியக்கரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உப்பளங்களுக்குக் கடல்நீர் இறைக்கும் பகுதியை நோக்கிச் செல்லும் மண்சாலையில், வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் மார்கழி, தை மாதக் காலையில் போக வேண்டும். இருபுறமும் தண்ணீர், எது குளம், எது கடல், எது வயல் என்று பிரிக்க முடியாத தண்ணீர். 250-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ள இந்தச் சதுப்பும் காடும் முத்துப்பேட்டைக் காயலும் சேர்ந்து 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாயின, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாயின. அந்த ராம்சார் பரப்பின் ஒரு பகுதிக்கு அரசுப் பதிவேடுகளில் 'அளக்கப்படாத உப்புச் சதுப்பு' என்றே பெயர். மழையில் தண்ணீராகவும் கோடையில் தரையாகவும் மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் சங்கிலியை எங்கே இழுப்பது என்று நில அளவையாளர்கள் யோசித்திருப்பார்கள் என்று நானாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு.

கரையோரச் சேற்றிலிருந்து நடுத் தண்ணீர் வரை கண்ணை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். விளிம்பில், சேறு பளபளக்கும் இடத்தில் ஓடி ஓடிக் கொத்துவது கொசு உள்ளான். ஒரு கைப்பிடி வேர்க்கடலையின் எடைகூட இல்லாத அந்தப் பறவை வடதுருவத்தை ஒட்டிய வெட்டவெளிகளிலிருந்து வந்திருக்கிறது. அதற்கு அடுத்து, விரலளவுத் தண்ணீரில் உப்புக்கொத்திகளும் சற்றே நீண்ட அலகுள்ள உள்ளான்களும். சாணளவு ஆழத்தில் சிவந்த கால்களோடு பவளக்காலி. அதையும் தாண்டி, மற்றக் கரைப்பறவைகளின் கால் எட்டாத தண்ணீரில் பூநாரைகள். இன்னும் ஆழமான இடத்தில் கூழைக்கடாக்கள், காலை ஊன்றும் கவலையே இல்லாமல் மிதக்கின்றன. யாருக்கு எவ்வளவு காலோ அவ்வளவு ஆழம். யாருக்கு எவ்வளவு அலகோ அவ்வளவு சேறு. ஒரு மழை கூடுதலாகப் பெய்து தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால் இந்த வரிசை முழுவதும் கலைந்து வேறிடத்துக்கு நகரும். முந்தைய நாள் ஆயிரக்கணக்கில் பறவை இருந்த இடத்தில் மறுநாள் ஒன்றும் இல்லாமல் போவதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, நாக்கால் நீரை இழுத்து வெளியேற்றி, அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற அமைப்பில் பாசியையும் நுண்ணுயிர்களையும் சிறு கூனிகளையும் வடிகட்டுகிறது. தொலைநோக்கியில் பார்க்கும்போது பறவைக்குப் பின்னால் சேறு கலங்கிய தடம் வளைவு வளைவாகத் தெரியும். எங்களோடு வந்த வழிகாட்டி இளைஞர், "சார், கிட்ட போவோம்னு மட்டும் கேட்காதீங்க, ஒண்ணு பறந்தா அத்தனையும் பறக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சரியான பேச்சு. பறப்பதைப் படமெடுப்பதற்காகவே கைதட்டிக் கிளப்பிவிடுகிறவர்களை இதே சாலையில் பார்த்திருக்கிறேன். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து உடலில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு அந்தக் கைதட்டல் ஒரு வேளைச் சாப்பாட்டின் இழப்பு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆய்வு செய்துவருகிறது. பறவையியலாளர் சலீம் அலி விரும்பி வந்த இடம் இது.

அளங்களுக்கு வருகிறேன் என்றேன். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். தரை ஓரிடத்தில் விரல் கனம் தாழ்ந்தாலும் அங்கே நீர் தேங்கி உப்பு ஒரே சீராகப் படியாது. கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்லச் சரிந்து இறங்கி, ஒவ்வொன்றிலும் வெயிலில் சுண்டி, கடைசிப் பாத்தியில் பூத்து நிற்கும். அதற்குமுன் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் தனியே படிந்துவிட வேண்டும். அதற்குப்பின் மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். பலகை கட்டிய நீண்ட கழியால் வாரி ஒதுக்கிய உப்பு வரப்பில் குவியலாக நிற்கும். மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், ஓரங்கள் ஒழுங்காக எழும்பி நடுவில் குழிந்த சதுரம், படிக்கட்டுப் படிக்கட்டாக. தண்ணீர்ப்பரப்பில் மிதந்தபடியே வளர்ந்த கல் அது. இந்த அளங்கள் பறவைக்கு நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. நீர் தேக்கும் முதல் பாத்திகளில் பறவைக்கு இரை கிடைக்கிறது; அளங்கள் விரியும் அளவுக்கு, ஏறி இறங்கும் இயற்கைச் சதுப்பு சுருங்குகிறது. நான் இரண்டாவதற்கே அதிக எடை கொடுப்பேன்.

கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை. பிச்சாவரத்துக்குப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட முத்துப்பேட்டைக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன். பிச்சாவரத்தில் முட்டுவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னை வாய்க்கால்கள் நெருக்கமாக, அழகாக, படகுத்துறைக்கு அருகிலேயே இருக்கின்றன. முத்துப்பேட்டை அப்படி உடனே தன்னைக் காட்டுவதில்லை. தர்காவுக்குப் பெயர்பெற்ற ஜாம்பவானோடைப் பக்கம் படகேறி, கோரையாற்றின் வழியே நெடுநேரம் போக வேண்டும். முதலில் தென்னையும் வயலும், பிறகு இறால் பண்ணைகளின் கரைகள், பிறகு இருபுறமும் சாம்பல் பச்சையாக அலையாத்தி, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் காடு. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் சில இங்கே வந்து ஒரு பெரிய காயலில் கரைகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீரில் வயல்கள் குடித்து மிஞ்சியதுதான் இங்கே வந்து சேர்கிறது. பல மாதங்கள் அதுவும் வருவதில்லை.

படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு கிளையைப் பிடித்து இழுத்து, "நக்கிப் பாருங்கண்ணே" என்றார். இலையின் மேற்புறம் பளபளப்பாக இருந்தது, அடிப்புறம் வெண்சாம்பல். காலை ஈரம் உலர்ந்திருந்த இடங்களில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. நாக்கில் வைத்ததும் நல்ல உப்பு. வெண்கண்டல் வேர் வழியே புகுந்துவிடும் உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் இந்த ஒரு மரம்தான். மற்றக் கண்டல் மரங்கள் தாங்க முடியாத உப்பை இது தாங்குகிறது. இந்தக் காயலின் உப்பு அப்படி. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிற்கும் சுவாச வேர்களின் உயரத்தைக் கவனித்தால், ஓதம் எவ்வளவு ஏறும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். பாக் நீரிணையில் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவுதான். காயலிலும் பல இடங்களில் இடுப்பளவே ஆழம். நடுவே வலை பிடித்து நிற்கும் ஆளைப் பார்த்து, கடலில் எப்படி நிற்கிறார் என்று புதியவர்கள் திகைப்பார்கள்.

இந்தக் காட்டின் கதையில் அரையடி எப்படி விளையாடியது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் கண்டல் காடுகளைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் முழுவதுமாக வெட்டி விறகாக்கினார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. வளரவில்லை. நிழல் போனதும் சேற்றிலிருந்த நீர் வெயிலில் ஆவியாகி, தரை அமுங்கித் தொட்டி போலக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, சுண்டி, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அதில் வெண்கண்டல் விதைகூட முளைக்கவில்லை. பல பத்தாண்டுகள் அந்தத் திட்டுகள் வழுக்கையாகவே கிடந்தன. பிறகு 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரு எளிய வழியைப் பின்பற்றினார்கள். தாழ்ந்த தரையை ஆற்றோடும் காயலோடும் இணைக்க ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் வந்தால் நீர் உள்ளே போகும், இறங்கினால் வெளியே வரும், மண்ணின் உப்பும் அதோடு கழுவிப் போகும். வாய்க்கால் ஓரத்தில் கன்றுகள் பிடித்தன. காயல் ஓரத்து மக்கள் மீன் பிடிக்கவென்றே சேற்றுநிலத்துக்குள் வாய்க்கால் வெட்டிப் பழகியவர்கள். அந்த வாய்க்கால் கரைகளில் கண்டல் தானே செழித்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. படகில் போகும்போது கரை ஒரே சீராக வெட்டியது போலத் தெரிகிற இடங்களில் படகோட்டியைக் கேளுங்கள், அது நட்ட காடா தானாக வந்த காடா என்று சொல்லிவிடுவார்.

காட்டுக்குள் வனத்துறை அமைத்த மரப்பாலமும் பார்வைக் கோபுரமும் உண்டு. புயல் ஒவ்வொரு முறையும் அவற்றைச் சிதைத்துவிடுவதால், எது நடக்கும் நிலையில் இருக்கிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காயல் கடலைச் சந்திக்கும் முகத்துவாரம் வரை போக நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். அங்கே மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால் படகோட்டி போகலாம் என்றால் போகலாம், வேண்டாம் என்றால் விவாதிக்க வேண்டாம்.

முத்துப்பேட்டையிலிருந்து வடக்கே சற்று உள்ளே உதயமார்த்தாண்டபுரம் ஏரி இருக்கிறது. பாசன நீரை நம்பிய பறவைகள் சரணாலயம் அது. நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் காலத்தில் போனால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. மேற்கே அதிராம்பட்டினம் தாண்டிச் சரபேந்திரராசன்பட்டினத்தில் மனோரா. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-இல் எழுப்பிய அறுகோண எட்டடுக்குக் கோபுரம் இது. யாருடைய வெற்றிக்கு யார் கோபுரம் கட்டுவது என்ற எரிச்சலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், இந்தக் கரையின் தட்டைத்தனத்தில் அது எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்பதே முதல் ஆச்சரியம். அதன் எதிரேயுள்ள கடல் ஆழமற்றது. வெயில் அடித்தரை வரை இறங்குவதால் கடற்புல் வளர்கிறது. கடற்புல் இருப்பதால் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் முதலாவது. கரையில் நின்று கடற்பசுவைப் பார்த்துவிட முடியும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒதுங்கிக் கிடக்கும் நாடா நாடாவான கடற்புல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை பறவைகளுக்கு நல்ல காலம். அதற்கு முன் மழைச் சேற்றில் வண்டி மாட்டிக்கொள்ளும். பாலைப்பழமும் கானலும் வேண்டுமென்றால் கோடையில் வரலாம், ஆனால் தண்ணீரைக் கையோடு கொண்டுவர வேண்டும். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்க முன்பதிவு தேவை. வசதியான விடுதிகளுக்கு வேதாரண்யமோ நாகப்பட்டினமோதான். தொலைநோக்கி இல்லாமல் சதுப்புக்குப் போவதில் பயனில்லை, பறவைகள் புள்ளிகளாகத்தான் தெரியும். முத்துப்பேட்டைப் படகுக்கு முதல் நாளே வனத்துறையிடம் சொல்லிவைத்து, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் காயலில் ஒதுங்க நிழல் கிடையாது. கோடியக்காட்டில் வண்டியை நிறுத்தும்போது கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். அங்குள்ள குரங்குகள் பாலைப்பழத்தோடு திருப்தியடைவதில்லை.